குடிக்கிறதுக்கு இது பரவாயில்ல

குடியை விட்டவன் வீட்டில் ஒரு வாக்கியம் அடிக்கடி காதில் விழும்: "குடிக்கிறதுக்கு இது பரவாயில்ல." அம்மா சொல்வார், மனைவி சொல்வாள், கூட வேலை பார்ப்பவர்கள் சொல்வார்கள். கொஞ்ச நாளில் அவனே தனக்குச் சொல்லிக்கொள்ளத் தொடங்குவான். இந்த வாக்கியத்தோடு நான் சில வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அது எதுவரை செல்லும், எங்கே செல்லாக்காசாகும் என்று இப்போது ஓரளவு தெரியும்.

மதுரையில் ஓர் அச்சகத்தில் எனக்கு வேலை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பில் புக் எல்லாம் ஓடும். புரூஃப் பார்ப்பது என் பொறுப்பு. ஆள் வராத நாளில் கட்டிங் மெஷினிலும் நிற்பேன். சாயங்காலம் ஆறரைக்கு ஷட்டரை இறக்குவோம். எங்கள் நாள் அதற்கப்புறம்தான் தொடங்கும்.

குடி என்றால் சரக்கு மட்டும்தான் என்று குடிக்காதவர்கள் நினைக்கிறார்கள். மெஷின்மேன் அண்ணனும் நானும் கடைக்கு நடக்கும் அந்தக் கால் மணி நேரத்திலேயே பாதிக் களைப்பு போய்விடும். ஆளுக்கொரு குவார்ட்டர், கையில் காசு இல்லாத வாரத்தில் ஆளுக்கொரு கட்டிங். பாரில் பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்க் கீற்று, அவித்த கடலை. முதலாளியை அங்கே வைத்துத்தான் திட்டுவோம். பத்திரிகையில் தாய்மாமன் பேர் விட்டுப்போய் மண்டபத்தில் நாற்காலி பறந்த கதையை அங்கே வைத்துத்தான் சொல்லிச் சிரிப்போம். பிறகு சிகரெட், பிறகு புரோட்டாவும் சால்னாவும். வீடு போய்ச் சேர ஒன்பது, ஒன்பதரை ஆகிவிடும். பாட்டிலை மட்டும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது மூன்று மணி நேரம், ஒரு சிநேகிதம், வாய்க்கு ஒரு வேலை, வயிற்றில் ஒரு பசி. அந்தக் காலி இடத்தில் எது முதலில் வந்து உட்காருகிறதோ, அதுதான் அடுத்த பழக்கம்.

நான் நிறுத்தியது 2016இல். காரணம் கட்டிங் மெஷின். தாள்கட்டைத் தட்டிச் சமன்படுத்தி உள்ளே தள்ளி, பிளேடு இறங்குவதற்கு முன்னால் இரண்டு கையையும் வெளியே எடுத்துவிட வேண்டும். எங்களுடையது பழைய மெஷின். கை உள்ளே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஒருநாள் காலையில் என் விரல்கள் தாளின் விளிம்பில் தந்தி அடிப்பதை மெஷின்மேன் அண்ணன் பார்த்துவிட்டார். "நீ தள்ளி நில்லு தம்பி, நான் பாத்துக்கிறேன்" என்று அவர் வந்து நின்றார். அவர் கை நடுங்கவில்லை. காலையிலேயே ஒரு கட்டிங் போட்டுவிட்டு வந்திருந்தார், அதனால் நடுங்கவில்லை. நடுக்கத்தை நிறுத்துவதற்காகவே குடிக்க வேண்டிய அந்த நிலைமை எனக்கு எப்போது வரும் என்று யோசித்துப் பார்த்தேன். பயம் வந்தது.

பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் பார்த்த டாக்டர் முதலில் சொன்னது, வீராப்பில் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள் என்பதுதான். வருஷக்கணக்கில் தினமும் குடித்த உடம்புக்குத் திடீரென்று சரக்கு நின்றால் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சியும் இல்லாத ஆளும் கண்ணுக்குத் தெரியலாம். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். கோயிலில் சத்தியம் பண்ணிவிட்டு வீட்டுக்குள் படுத்துக் கிடப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. என்னைப் படுக்கையில் சேர்த்து, மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, பி1 வைட்டமின் ஊசி போட்டு அனுப்பினார்கள். கிளம்பும்போது டாக்டர் இன்னொன்றும் சொன்னார்: "இனிப்பு சாப்பிடணும்னு வெறி மாதிரி வரும். வந்தா சாப்பிடுங்க. இப்போதைக்கு அதுல கை வைக்க வேண்டாம்."

ஏன் வரும் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நம் ஊர்க் கடையில் விற்கும் பிராந்தியிலும் ரம்மிலும் 42.8 சதவீதம் ஆல்கஹால். 180 மில்லி குவார்ட்டரில் சுத்த ஆல்கஹால் மட்டும் 60 கிராம் வரும். கிராமுக்கு 7 கலோரி என்றால் ஒரு குவார்ட்டரில் 400 கலோரிக்கு மேல். சத்து என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை, ஆனால் எரிபொருள் எரிபொருள்தானே. தினமும் சாயங்காலம் அதை வாங்கிப் பழகிய உடம்பு, நின்ற மறுநாள் வேறு வாசலில் போய்க் கேட்கிறது. மூளையில் சரக்கு தூண்டிவிடுகிற அதே இன்ப உணர்வுப் பாதையை இனிப்பும் தூண்டும், பலம்தான் குறைவு.

ரயில்வே ஸ்டேஷன் பக்கம் சாயங்காலம் சூடாக அல்வா கிடைக்கும். ஷட்டர் இறங்கியதும் என் கால் அங்கே போயிற்று. சட்டைப்பையில் எந்நேரமும் கோவில்பட்டிக் கடலை மிட்டாய். வீட்டில் இருந்தால் சீனி டப்பாவே போதும். மனைவி முகம் சுளித்தபோது அம்மா, "சாப்பிடட்டும் விடும்மா, குடிக்கிறதுக்கு இது பரவாயில்ல" என்றார். அந்த வாக்கியத்தை நான் முதலில் கேட்டது அப்போதுதான். அன்றைக்கு அது சரியான வாக்கு. டாக்டரும் அதையேதான் சொல்லியிருந்தார். ஆனால் அவர் "இப்போதைக்கு" என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தார். வீட்டில் அந்த வாய்தா யாருக்கும் ஞாபகம் இல்லை, எனக்கும் சேர்த்து. அடுத்த வருஷம் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நின்றது.

டாக்டர் சொல்லித்தான் ஏ.ஏ. கூட்டத்துக்கும் போனேன். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பது முழுப்பேர். ஒரு சர்ச்சுக்குப் பின்னால் இருந்த வகுப்பறையில், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்போம். ஒவ்வொருவராக எழுந்து பேரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கிப் பேசுவார்கள். அங்கே கேட்டதை வெளியே ஆளோடு சேர்த்துச் சொல்லக் கூடாது. அதனால் இங்கே யார் பேரும் வராது, அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் வராந்தாவில் டீ. டீயோடு சிகரெட். குடியை வென்ற கதையை உள்ளே சொன்னவர்கள் எல்லாரும் வெளியே வந்து ஒருவர் தீப்பெட்டியில் இன்னொருவர் பற்றவைத்துக்கொண்டு நிற்பார்கள். நானும் நின்றேன். குடித்த காலத்தில் சாயங்காலம் மட்டும் ஊதிக்கொண்டிருந்தவன், டீக்கு ஒன்று, புரூஃபுக்கு ஒன்று, பஸ்ஸுக்கு ஒன்று என்று பாக்கெட் கணக்குக்கு வந்துவிட்டேன். இது எங்கள் வராந்தாவின் கதை மட்டுமில்லை. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் பாப் ஸ்மித் என்ற டாக்டரோடு சேர்ந்து ஏ.ஏ.வைத் தொடங்கிய பில் வில்சன், அதற்குச் சில மாதம் முன்பே குடியை நிறுத்தியவர். கடைசிவரை மறுபடி தொடவில்லை. ஆனால் விடாமல் புகைத்தவர். 1971இல் நுரையீரல் நோயில் செத்துப்போனார். 1939இல் வந்த ஏ.ஏ.வின் முதல் புத்தகத்திலேயே, களைப்பான நேரத்துக்குச் சாக்லேட் கைவசம் இருக்கட்டும் என்று ஒரு டாக்டர் சொன்ன யோசனை இருக்கிறது. மாற்றுத் தேடுவது குடியை விட்ட எல்லா ஊர்க்காரர்களுக்கும் பொது. அப்போதெல்லாம் முதலில் குடி, பிறகு சிகரெட் என்று டாக்டர்கள் சொல்வது வழக்கம். இப்போது பலரும் இரண்டையும் சேர்த்தே விடலாம், அதனால் குடி திரும்பி வந்துவிடாது என்கிறார்கள்.

எங்கள் கூட்டத்திலும் ஆளுக்கொரு மாற்று இருந்தது. லாரி ஓட்டிய அண்ணன் ஒருவர் உதட்டுக்கடியில் புகையிலை ஒதுக்கத் தொடங்கினார். தமிழ்நாட்டில் 2013இலேயே தடை செய்த சரக்கு. பெட்டிக்கடையில் கேட்கிற விதமாகக் கேட்டால் கிடைத்தது. பல்லுக்காக ஆஸ்பத்திரி போனபோது கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைத் திட்டு இருப்பதைக் காட்டினார்கள். அன்றைக்குத் துப்பியவர், நல்லவேளையாக மறுபடி வாயில் போடவில்லை.

வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற தம்பி ஒருவன் இருந்தான். அவனுக்கு வாய்த்தது செல்போனில் ரம்மி. வாடை இல்லை, தள்ளாட்டம் இல்லை, வாசலில் சண்டை இல்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பாயில் படுத்து, போர்வைக்குள் ஆடிக்கொண்டிருந்தான். 'போன் பாக்குறாரு, பாத்துட்டுப் போகட்டும், குடிக்கிறதுக்கு இது பரவாயில்ல' என்று அவன் வீட்டிலும் நினைத்திருக்கிறார்கள். அவன் கூட்டத்தில் எழுந்து சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "குடிச்சப்போ ஒரு அளவுக்கு மேல உள்ள எறங்காதுண்ணே, வாந்தி வந்துரும். இதுக்கு வாந்தியே வரலண்ணே." மனைவியின் செயின் அடகுக் கடைக்குப் போன பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. அவனுக்கு அது வெள்ளம் வடிந்த பிறகு போட்ட அணை.

நம் பக்கத்தில் குடிக்கு ரொம்பக் காலமாக இருக்கிற மாற்று, மாலை போடுவது. கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டுவிட்டால் எப்பேர்ப்பட்ட குடிகாரனும் 41 நாள் தொடமாட்டான். டாக்டரும் மாத்திரையும் செய்ய முடியாததை இந்தத் துளசி மாலை எப்படிச் செய்கிறது என்று யோசித்திருக்கிறேன். விடிவதற்கு முன்னால் பச்சைத் தண்ணீர்க் குளியல், செருப்பில்லாத கால், கறுப்பு வேட்டி, சாயங்காலம் பூஜை, பஜனை, குருசாமி வீட்டில் அன்னதானம். நேற்றுவரை "டேய்" என்று கூப்பிட்டவன் "சாமி" என்கிறான். அந்த மூன்று மணி நேரம், சிநேகிதம், வாய்க்கு வேலை, வயிற்றுக்குச் சோறு எல்லாவற்றையும் அது மொத்தமாக நிரப்பிவிடுகிறது. ஆனால் மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றும் நாள் எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். மெஷின்மேன் அண்ணன் வருஷா வருஷம் போவார். கழற்றிய அன்றைக்கே கடையில் நிற்பார். விரதத்தில் குறை இல்லை. கழற்றிய பிறகு சாயங்காலம் ஆறரைக்கு எங்கே போவது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்ற சுப்ரீம் கோர்ட் உத்தரவு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் ஒரே மூச்சில் மூவாயிரம் கடைக்கு மேல் மூடினார்கள். நாங்கள் வழக்கமாகப் போன கடையும் அதில் ஒன்று. அண்ணன் குடியை விட்டுவிடுவார் என்று அவர் வீட்டில் நம்பினார்கள். அவர் ஷேர் ஆட்டோவில் ஏறி அடுத்த கடைக்குப் போனார். கடை இடம் மாறிவிட்டது, ஆறரை மணி அங்கேயேதான் இருந்தது.

என் ஆறரை மணிக்கு நான் நடையைக் கொண்டுவந்தேன். அல்வாவும் சிகரெட்டும் உடம்பைப் பிடித்துக் காட்டிய பிறகு, இனி நல்ல பழக்கமாகவே பழகுவோம் என்று வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் போனேன். திருமலை நாயக்கர் வெட்டிய குளம். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். அந்த நாளில் தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடக்கும், உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். சுற்றிலும் நடக்கிற கூட்டம், சுண்டல் வண்டி, கூழ் வண்டி, நடுவில் மைய மண்டபம். முதலில் நாலைந்து சுற்று. பிறகு கால் கேட்டது. வியர்வை ஊற்றி, மூச்சு வாங்கி, உடம்பு லேசாகிற அந்தக் கட்டம் வரும்வரை நிறுத்த மனசு வராது. மழை பெய்தாலும் போவேன், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தன்றும் போவேன். முழங்கால் வீங்கியபோது எண்ணெய் தேய்த்துக்கொண்டு போனேன். சர்க்கரை இறங்கிற்று, தொப்பை கரைந்தது, சிகரெட்டும் குறைந்துகொண்டே வந்து நின்றது. அச்சகத்தில் என்னைக் காட்டி மற்றவர்களுக்குப் புத்தி சொன்னார்கள்.

பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த மகள் ஒருநாள், நான் செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்: "அப்பா, நீங்க குடிச்சப்பவும் ஒம்போது மணிக்குத்தான் வந்தீங்க. இப்பவும் ஒம்போது மணிக்குத்தான் வர்றீங்க. எங்களுக்கு என்ன வித்தியாசம்?"

கோபம் வந்தது. குடிக்கிறதுக்கு இது பரவாயில்லையா என்று நாக்கு நுனிவரை வந்த வாக்கியத்தை விழுங்கினேன். அவள் கேட்டதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல பழக்கம், கெட்ட பழக்கம் என்று பிரிப்பது டாக்டரின் கணக்கு. அல்வா கெட்டது, நடை நல்லது. அந்தக் கணக்கும் வேண்டியதுதான். வீட்டின் கணக்கு வேறு. அங்கே அந்த மூன்று மணி நேரம் யாருக்குச் சொந்தம் என்பதுதான் கேள்வி. பாருக்குச் சொந்தமாக இருந்தது அல்வாக் கடைக்குப் போய், வராந்தாவுக்குப் போய், தெப்பக்குளத்துக்குப் போயிருந்தது. வீட்டுக்கு மட்டும் வரவில்லை. குடியை விட்டதற்கு வீடு எனக்கு ஒரு சலுகை தந்திருந்தது. எங்கே போகிறாய் என்று கேட்காத சலுகை. அதை நான் வாடகை இல்லாமல் அனுபவித்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருந்தார். அவரிடம் சொன்னேன். அவர் குடியை விட்ட நாளிலிருந்து தெருப்பிள்ளைகளுக்கு ஆறு மணிக்கு வீட்டுத் திண்ணையில் கணக்குச் சொல்லித் தருகிறவர். காசு வாங்குவதில்லை. "நான் அதுகளுக்குச் சொல்லிக் குடுக்கிறேன்னு ஊர்ல சொல்றாங்க தம்பி. அதுக ஆறு மணிக்கு நோட்டைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறதாலதான் நான் திண்ணையில இருக்கேன். நீங்களா போற எடம் எதுவா இருந்தாலும் நாளைக்குப் போகாம இருந்துக்கலாம். உங்களத் தேடி ஆள் வந்தா இருந்துதான் ஆகணும்" என்றார்.

என் மனைவி தெருவில் இட்லி மாவு விற்பாள். சாயங்காலம் ஏழு மணிக்குப் பாத்திரத்தோடு ஆள் வரத் தொடங்கிவிடும். கிரைண்டரைப் பார்ப்பதும் மாவை அளந்து ஊற்றுவதும் அவள் ஒருத்தியே. மாவை நான் எடுத்துக்கொண்டேன். நடையைக் காலைக்கு மாற்றினேன், முழங்கால் சொன்னபடி குறைத்தும்கொண்டேன். கிரைண்டர் வேலை சும்மா இல்லை. உளுந்தை முதலில் போட்டு, தண்ணீரை மொத்தமாக ஊற்றாமல் கையால் தெளித்துத் தெளித்து அரைக்க வேண்டும். ஒரு சொட்டு மாவைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம். பொறுமை இல்லாமல் முன்னாடியே எடுத்தால் இட்லி கல்லாகும். மறுநாள் வாசலில் வந்து சொல்லிவிட்டுத்தான் போவார்கள். ஆடி மாசமும் மார்கழியும் முகூர்த்தம் இல்லாமல் அச்சகம் ஈ ஓட்டும். குடித்த காலத்தில் அந்த மாதங்களில்தான் நான் அதிகம் குடித்தேன். மாவுக்கு ஆடியும் கிடையாது, மார்கழியும் கிடையாது. தெருவில் யாருக்காவது தினமும் இட்லி வேண்டும்.

இதுவே எல்லாருக்கும் மருந்து என்று சொல்லமாட்டேன். ஒருவருக்கு டியூஷன், ஒருவருக்கு மாடு, ஒருவருக்கு மொட்டை மாடியில் தோட்டம். மாற்றுப் பழக்கம் எதுவானாலும் இரண்டு கேள்வி கேட்டுப் பார்த்துவிடலாம். அதை வீட்டில் சொல்லாமல் செய்யத் தோன்றுகிறதா? அது வீட்டாருக்குச் சேர வேண்டிய நேரத்தையும் காசையும் தின்கிறதா? இரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்று பதில் வந்தாலும், பழைய குடிதான் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

குடியை விட நினைக்கிறவர்கள், காலையில் கை நடுங்குகிறது என்றால் தனியாக நிறுத்த வேண்டாம். மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். விட்டவரின் வீட்டாருக்கு நான் சொல்வது இது: முதல் சில மாதம் தாராளமாக "பரவாயில்ல" என்று சொல்லுங்கள், அந்தச் சொல் அவரைத் தாங்கிப் பிடிக்கும். அதற்கப்புறம் சாயங்காலம் எங்கே போகிறது, சம்பளம் எங்கே போகிறது என்று கேளுங்கள். கேட்டால் மறுபடி குடித்துவிடுவார் என்று பயந்து வாயைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். என்னை என் மகள் முகத்துக்கு நேரே கேட்டாள். நான் குடிக்கவில்லை.